மேசைக்கு அப்பால் நிற்பவர்

சித்திரக்கதையைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்குவோர், ஜப்பானியரின் 'காமிக் மார்க்கெட்' பிறந்த கதையைக் கேட்டால் வியப்பர். 1975ஆம் ஆண்டில், வேறொரு சித்திரக்கதை மாநாட்டைக் குறைகூறிய ரசிகர் ஒருவருக்கு அங்கே இடம் மறுக்கப்பட்டது. அந்த மனக்கசப்பில் எழுந்ததே இச்சந்தை. அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று டோக்கியோவில் முதன்முதல் கூடியபோது 32 குழுக்கள் பங்கு கொண்டன. ஏறத்தாழ 700 பேர் வந்தனர்.

குழு என்பது சில வேளைகளில் நண்பர் சிலர் சேர்ந்தது. ஒருவர் வரைவார், ஒருவர் அச்சகத்துக்கு அலைவார், சந்தை நாளில் ஒரே மேசைக்குப் பின்னால் தோளுரச அமர்வர். அங்கு வாங்குவோர், விற்போர் என்ற பேதமில்லை. யாவரும் பங்கேற்பாளரே என்பது கொள்கை. போற்றத்தக்கதுதான். ஆயினும் எனக்கோர் ஐயம். பக்கத்தில் அமர்ந்திருக்கும் நண்பன் நம் நூலின் குறையைச் சொல்வானா? அதில் அவன் வரைந்த பக்கமும் உண்டே! விமரிசகனுக்காகப் பிறந்த சந்தையில் விமரிசனம் எங்கே? புகழ்பெற்ற கதைமாந்தரையே மீண்டும் மீண்டும் வரைந்த ஏடுகள் அங்கு மலிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். 1989இல் வணிக ஏடுகளில் கால்வைத்த 'கிளாம்ப்' மகளிர் குழு இத்தகைய நண்பர் கூட்டத்திலிருந்து வந்ததே என்று மறுப்போர் உளர். உண்மை, ஆனால் விதிவிலக்கு.

1984இல் தொடங்கிய 'கோமிதியா' சந்தை, சொந்தப் படைப்புக்கே இடமென வரம்பு கட்டியது. குழுக்கள் தரும் மாதிரிப் பிரதிகளை எவரும் அமர்ந்து வாசிக்கலாம். முந்தைய கூட்டத்தின் நூல்களைப் பற்றி வாசகர் எழுதும் கருத்துகளையும் அதன் ஏடு அச்சிடுகிறது. அங்கே எனக்கொரு மேசை இருந்தால், அந்தப் பக்கங்களையே முதலில் புரட்டுவேன்.