பரியனுக்குத் துணை யார்?

‘பரியேறும் பெருமாள்’ படத்தைப் பற்றி எழுதாத ஏடில்லை, பேசாத மேடையில்லை. மாரி செல்வராஜ் இயக்கத்தில் 2018-இல் வந்த அப்படத்தைச் சாதிக் கொடுமையைத் தோலுரித்த படம் என்று போற்றினர். போற்றத்தக்கதே! ஆயினும் அது ஒரு கல்லூரிப் படமுங்கூட என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

கல்லூரியென்றால் காதலுக்குக் களம், கேலிக்கு இடம் என்றே காட்டிப் பழகிய திரையுலகம் நம்முடையது. அந்தத் திரையிலே சிற்றூர் இளைஞனொருவன் திருநெல்வேலிச் சட்டக் கல்லூரிக்கு வருகிறான். என்னவாக ஆசை என்று கேட்டால், டாக்டர் என்கிறான். சட்டம் படிக்க வந்தவன் டாக்டராவதா? டாக்டர் அம்பேத்கரைத்தான் சொன்னேன் என்கிறான்! அத்தனை பெரிய கனவோடு வந்தவன், ஆங்கில விரிவுரை தொடங்கியதும் ஊமையாகிவிடுகிறான். இடம் கிடைத்துவிட்டது, பாடம் கிடைக்கவில்லை.

தோழர்களே, என்னை உலுக்கியது இன்னொரு காட்சி. பெற்றோரை அழைத்து வா என்கிறது கல்லூரி. அவனோ, வேறொருவரைத் தகப்பனென்று கூறி அழைத்து வருகிறான். சிரித்தது கொட்டகை. சிரிக்கக்கூடியதா அது? பெண் வேடமிட்டு ஆடிப் பிழைக்கும் தந்தையை அந்த வாசலில் நிறுத்த மகன் அஞ்சினான். அவன் அச்சம் வீணன்று என்பதைப் பின்னர் அந்த முதியவரின் வேட்டியை உருவி விரட்டிய கயவர் கூட்டம் மெய்ப்பித்தது. முதல் தலைமுறையாய்க் கல்லூரி செல்பவன் புத்தகத்தோடு இப்படியொரு பாரத்தையும் சுமக்கிறான். இதைத் திரையில் கொணர்ந்தமைக்காகவே இயக்குநரைப் பாராட்டலாம்.

குறை எங்கே? பரியனுக்குக் கிடைக்கும் துணையெல்லாம் தற்செயலாய்க் கிடைத்தவை. ஜோ என்னும் பெண் ஆங்கிலம் சொல்லித் தருகிறாள்; நல்லவள், ஆனால் தன் வீட்டார் எத்தகையர் என்றறியாத நல்லவள். ஆனந்த் தோள் கொடுக்கிறான். இழிவைத் தாண்டிப் படித்து உயர்ந்த முதல்வரொருவர் வருகிறார், போராடு என்கிறார். சரி, அவர் மாற்றலாகிப் போனால்? ஆனந்துக்கும் ஆங்கிலம் தகராறுதான். அப்படியானால் இருவர் சேர்ந்தாயிற்று! மூன்றாமவன், நான்காமவன் எங்கே? அவர்களைக் கூட்டி ஒரு மாலை வகுப்பு நடத்த அக்கல்லூரியில் ஒருவருக்கும் தோன்றவில்லை, படத்துக்கும் தோன்றவில்லை.

தோன்றாதது என்ன புதுமையா? 1916-இலேயே திருவல்லிக்கேணியில் டாக்டர் நடேசனார் திராவிடர் இல்லம் கண்டார். சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவர்க்குத் தங்க இடமும், உண்ணச் சோறும், உடன் பேசத் தோழரும் அங்கே கிடைத்தனர். மூன்றாவதாகச் சொன்னதைச் சிறிதென்று எண்ணிவிடாதீர்! 2010-இல், குடும்பத்தின் முதல் பட்டதாரியாகத் தொழிற்கல்வி பயில வருவோருக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2022-இல் புதுமைப்பெண், 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் மாதம் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கின. தேவையான உதவிகள், யாரும் குறைத்துப் பேசவேண்டா. ஆனால் அரியர் விழுந்த அன்றிரவு விடுதி அறையில் தனித்திருப்பவனிடம், ‘எனக்கும் விழுந்ததடா, எழுதித் தேறினேன்’ என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை வங்கிக் கணக்கில் செலுத்த முடியாது.

நான் பாடம் சொல்லும் பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். பெரும்பாலோர் வீட்டில் விண்ணப்பத்தைப் படித்துச் சொல்லவும் ஆளில்லை. ஒவ்வோர் ஊர்ப் படிப்பகமும் சூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படத்தைத் திரையிடட்டும். புதிதாய்ச் சேரும் பிள்ளைகளோடு, இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிப்போரையும் அழையுங்கள். படம் முடிந்ததும் சொற்பொழிவு வேண்டா. விடுதிக்கு எப்போது எழுதிப்போடுவது, எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது, ஆங்கிலக் குறிப்பை எப்படி வைத்துக்கொள்வது என்று மூத்தவர்கள் சொல்லட்டும். கலையும்போது முகவரிகளை மாற்றிக்கொள்ளட்டும்.