அடுத்து என்ன? – பயோனிக்கிள் கதையும் அதன் ஊகக்காரர்களும்

பொம்மை விற்பதற்காக எழுதப்பட்ட ஒரு கதைக்குத் திறனாய்வா என்று சக ஆசிரியர் ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும். என் மச்சான் வளைகுடாவிலிருந்து கொண்டு வந்த பழைய பயோனிக்கிள் பொம்மைகள் எங்கட வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கின்றன. மகன் அவற்றைப் பூட்டிக் கழற்றுவதைப் பார்த்துத்தான் நானும் இந்தக் கதைக்குள் போனேன்.

டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 2001இல் இதை வெளியிட்டது. மாட்டா நுய் என்ற தீவில் ஆறு வீரர்கள் குழாய்களில் அடைபட்டுக் கரையொதுங்குகிறார்கள். கை கால் வேறாகக் கிடந்து தம்மைத் தாமே பூட்டிக்கொள்கிறார்கள். பொம்மை வந்த டப்பாவே கதையின் முதற்காட்சி. தீவின் பெயரைக் கொண்ட மகா ஆவி உறங்குகிறது. ஏன் உறங்குகிறது, எங்கே உறங்குகிறது என்பதுதான் வாசகர்களின் ஏழாண்டு ஊகம்.

ஊகித்தவர்களில் இரண்டு வகை. அடுத்த வருஷம் என்ன பொம்மை வருகிறது என்று பார்த்துக் கதை சொன்னவர்கள் ஒரு வகை. அது கணிப்பு, வியாபாரிக்கும் முடியும். மற்றவர்கள் பின்னோக்கிப் படித்தார்கள். 2002இல் போரோக் என்ற கூட்டம் தீவை அழிக்க வந்தது. எதிரி என்றால் வெல்ல வேண்டும், ஆள வேண்டும். இவை ஏன் மரத்தையும் மலையையும் துப்புரவாக்குகின்றன? நல்ல கேள்வி. 2008இல்தான் விடை முழுதாகத் தெரிந்தது. மகா ஆவி ஒரு பிரம்மாண்டமான இயந்திர மனிதன், தீவு அவன் முகத்தை மூடிய போர்வை. அவன் எழும்ப வேண்டுமென்றால் முகத்தைத் துடைக்கத்தானே வேண்டும்! கதையின் மூலவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ஃபேபர் மூளைக் கட்டிக்காக மருந்தெடுத்து வந்தவர். நோயுற்ற உடலுக்குள் போகும் மருந்துக் குளிசைகளே அந்தக் குழாய்கள் என்பதை அவரே சொல்லியிருக்கிறார். தடயம் முதல் நாளே கையில் இருந்தது.

கெடுத்தது எது என்றால், என் பார்வையில், பதில்கள். சித்திரக்கதைகளையும் நாவல்கள் பலவற்றையும் எழுதிய கிரெக் ஃபார்ஷ்டி வாசகர்களின் கேள்விகளுக்குச் சளைக்காமல் பதில் சொன்னார். அந்தப் பதில்களும் கதையாகவே கொள்ளப்பட்டன. அன்பான மனுஷன்தான். ஆனால் முகமூடியின் பெயர், நிறம் வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றானபின் படிப்பானேன்? தமிழ் சிறப்புப் பட்டத்துக்குப் படித்த காலத்தில், ஒரே குறளுக்கு உரையாசிரியர்கள் வேறு வேறு பொருள் கொள்வது எனக்குத் தலையிடியாக இருந்தது. வள்ளுவரைக் கேட்க வழியில்லாததால்தான் அந்த உரைகளே பிறந்தன என்பது பிறகுதான் விளங்கியது.

2010இல் லெகோ பொம்மைகளை நிறுத்தியது. ஃபார்ஷ்டி தொடர்ந்து எழுதிய கதைகள் 2011க்குப் பின் அந்தரத்தில் நின்றன. கோபாகாவும் போஹாட்டுவும் ஒரு கொலையைத் துப்புத் துலக்கப் புறப்பட்ட தொடரும் அதில் ஒன்று. 2015இல் பெயர் மீண்டும் வந்தது, கதை புதிது. அதுவும் அடுத்த ஆண்டோடு சரி.

பாதியில் நின்ற அந்தத் தொடரை மகனுக்கு வாசித்துச் சொன்னேன்.

"மிச்சம் எங்க வாப்பா?"

"மிச்சமில்ல மகன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அடுத்து என்ன நடக்குமென்டு எனக்குத் தெரியும்" என்றான். எதை வைத்துச் சொல்றீங்க என்று கேட்டேன். முதலிலிருந்து திரும்ப வாசிக்கச் சொன்னான்.