சாலி ரைடின் பேசாமை

விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் ஒன்றைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள்: அவர் தன்னைப் பற்றி அதிகம் பேசாதவர். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பெண்ணின் பேசாமையை அவளது இயல்பு என்று முடித்துவிட்டால், அவளைப் பேசவிடாதவர்களைப் பற்றி நாம் பேச வேண்டியதில்லை.

1983 ஜூன் 18 அன்று சாலஞ்சர் ஓடத்தில் புறப்பட்டபோது ரைடுக்கு 32 வயது. இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஸ்டான்ஃபோர்டில் ஆங்கில இலக்கியமும் படித்தவர். விண்கலத்தின் இயந்திரக் கையை இயக்கத் தேர்ச்சி பெற்றவர். அவரிடம் செய்தியாளர்கள் கேட்டது, வேலையில் ஏதாவது பிசகினால் அழுவீர்களா என்று. ஒரு வாரப் பயணத்துக்கு 100 டாம்பன்கள் போதுமா என்று நாசாவின் பொறியாளர்கள் கேட்டார்கள். சுற்றுப்பாதையைத் துல்லியமாகக் கணக்கிடத் தெரிந்த நிறுவனத்துக்கு மாதவிடாய்க் கணக்கு தெரியவில்லை. கண்ணீரும் குருதியும் பொதுவில் விசாரிக்கப்பட்ட ஒருவர் மீதியிருந்ததைப் பூட்டி வைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

1986 ஜனவரியில் அதே சாலஞ்சர் வானில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். ரைடுடன் ஒரே அணியில் தேர்வான ஜூடித் ரெஸ்னிக் அவர்களில் ஒருவர். விசாரணைக் குழுவில் ரைடும் இருந்தார். ராக்கெட் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்துவிடும் என்பதைக் காட்டும் தாளொன்றை, உடனிருந்த உறுப்பினர் டொனால்ட் குடினாவிடம் சத்தமில்லாமல் கொடுத்தார். குடினா அதை ரிச்சர்ட் ஃபைன்மனுக்குக் குறிப்பால் உணர்த்தினார். ஃபைன்மன் பனிநீரில் வளையத்தை அமிழ்த்திக் காட்டிய காட்சி அறிவியல் வரலாற்றில் நிலைத்துவிட்டது. தாளைக் கொடுத்த கை யாருடையது என்பது ரைடு இறந்த பிறகே வெளியே வந்தது. தான் வேலை பார்த்த நிறுவனத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றக்கூடிய உண்மையை இப்படித்தான் அவர் சொல்ல முடிந்தது. பேசாதவர் என்ற சித்திரம் இந்த இடத்தில் உடைகிறது.

2012 ஜூலை 23 அன்று ரைடு புற்றுநோயால் இறந்தார். அவரது நிறுவனம் வெளியிட்ட இரங்கல் குறிப்பில்தான், டாம் ஓ'ஷானசி என்ற பெண் 27 ஆண்டுகள் அவருடைய துணைவியாக இருந்ததை உலகம் அறிந்தது. சிறுவயதில் டென்னிஸ் மைதானத்தில் அறிமுகமானவர்கள் அவர்கள். அதுவரை இருவர் பெயரும் சேர்ந்து பொதுவில் வந்தது, சிறார்களுக்காக இணைந்து எழுதிய அறிவியல் நூல்களின் அட்டையிலும் நிறுவன அலுவல்களிலும்தான்.

நம் அகப்பாடல்களில் தலைவிக்கும் தலைவனுக்கும் பெயர் இல்லை. அதனால்தான் அந்தக் காதல் எல்லோருடையதாகவும் ஆகிறது. டாமின் பெயரின்மை அந்த வகையானதல்ல. நிதி தரும் நிறுவனங்கள் விலகிவிடலாம் என்ற கவலை அதில் கலந்திருந்தது. அதன் விலையில் பாதியைக் கொடுத்தவர் டாம்.

ரைடு வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று குறைகூறுபவர்களும், அது அவரது அந்தரங்கம் என்று வாதிடுபவர்களும் பொறுப்பை அவர் மீதே வைக்கிறார்கள். விண்வெளிக்கு அனுப்பத் துணிந்த நாடு, ஒரு பெண் தன் துணைவியின் பெயரை அச்சமின்றிச் சொல்லும் இடத்தை ஏன் தரவில்லை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 2013இல் ரைடுக்கு அளிக்கப்பட்ட அதிபர் பதக்கத்தை வெள்ளை மாளிகையில் டாம் பெற்றுக்கொண்டார். நாடு அவர்களைத் துணைவியராக ஒரே மேடையில் அழைத்தபோது அங்கே ஒருவர்தான் இருந்தார்.