மலையும் ஏரியும்: சீனரிக் கலையின் சம்பிரதாயம்

நம் சங்கத்துப் பெரியோர் பணித்தபடி, மலை சூழ்ந்த ஏரியை உள்ளது உள்ளபடி தீட்டும் கலையைக் குறித்துச் சில சொல்லத் துணிகிறேன். 1850-இல் டாக்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியக் கலாசாலையின் வரலாறும், 1929-இல் அதன் தலைமையேற்ற ராய் சௌத்ரியாரின் கீர்த்தியும், கேரளத்துக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டி வந்த பணிக்கர் பின்னாளில் வேறு வழி சென்றதும் அங்கத்தினர் அறிந்தவையே. ஆகவே அவற்றை விரிக்காமல் எம் பரம்பரைக்கு வருகிறேன்.

அக்கலாசாலையில் பயின்று, ரமணாசிரமத்தில் சில காலம் தங்கி, நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதிப் பின் கோவில்பட்டியில் நிலைபெற்ற கொண்டைய ராஜு (1898–1976) அவர்களின் வழியே எம் வழி. அவருடைய காலண்டர்ப் படங்களில் தெய்வங்களைக் கண்டு கைகூப்பியோர் எண்ணிறந்தோர். அத்தெய்வங்களுக்குப் பின்னே நீலமாய் விலகிச் செல்லும் மலையை உற்று நோக்கியவர் சிலரே. அவ்வழியில் பயின்று அந்தமானின் இத்தீவுக்கு வந்து, நம் நகரின் டாலிகஞ்சில் பெயர்ப்பலகை எழுதி வாழ்ந்த எம் ஆசிரியர், பொடி வண்ணத்தில் வச்சிரம் காய்ச்சி ஊற்றிப் படுதா எழுதும்போது முதலில் ஆகாயத்தை முடிப்பார். மிஞ்சிய அதே வண்ணத்தில் சிறிது ஊதா கலந்து தொலைமலையை இழுப்பார். அடுத்த மலைக்குச் சற்றுப் பச்சை சேர்ப்பார். கருமையும் காவியும் கரையோரப் பாறைக்கு மட்டுமே. “தூரத்து மலையில் மரத்தை எண்ணாதே” என்பார். பிரதிபிம்பம் மலைக்கு நேர்கீழே நிற்க வேண்டும் என்பதும், வெளிச்சமான பொருள் நீரில் சற்று மங்கியும் இருண்ட பொருள் சற்று வெளுத்தும் தெரியும் என்பதும், காற்று தொட்ட இடத்தில் கிடையாக ஒரு வெள்ளைக் கீற்றே போதும் என்பதும் அவர் விதித்த பிரமாணங்கள். தொலைவு செல்லச் செல்ல நிறத்தையும் நுணுக்கத்தையும் விட்டுக்கொடுப்பவனுக்கே ஆழம் கைகூடும் என்பது அவருடைய சித்தாந்தம்.

எவரையும் மனத்திற்கொண்டு இதைச் சொல்லவில்லை. நன்கு எழுதுவோரும் நம்மிடையே உண்டு. எனினும் கைப்பேசிப் படத்தைக் கட்டம் போட்டுப் பெயர்க்கும் வழக்கம் பெருகியபின், தொலைமலையும் முன்பாறையும் ஒரே கரும்பச்சையாகிவிட்டன. ஏரியின் அக்கரை சுவர்போல் எழுந்து நிற்கிறது. படுதாவை ஃபிளெக்ஸ் விழுங்கிவிட்டது. 1863-இல் லெவிஞ்ச் துரை அமைத்த கொடைக்கானல் ஏரியைக் கண்ணால் காணாத பிள்ளை அதை வரைந்து பரிசு பெறுகிறது. நடுவர்களும் பளபளப்புக்கே மதிப்பெண் இடுகின்றனர். பாராமல் வரையப் பழகியவர் பாராமல் பேசவும், பாராமல் தீர்ப்பளிக்கவும் தயங்குவதில்லை. இளையோரிடம் பொறுமை அருகியதற்கும், இல்லங்களில் மூத்தோர் சொல் எடுபடாமற் போனதற்கும், பொதுக்காரியங்களில் சிரத்தை குன்றியதற்கும் இதுவே வித்து என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் நகருக்குக் குடிநீர் தரும் தனிகாரி நீர்த்தேக்கம் காடடர்ந்த குன்றுகளுக்கு நடுவே அருகிலேயே இருக்கிறது. சங்கத்தின் அடுத்த ஓவியப் போட்டியை, உரிய அனுமதி பெற்று, அதன் கரையில் காலை வேளையில் நடத்துமாறும், படம் பார்த்து வரைவதை விலக்குமாறும் நிர்வாகக் குழுவினரை வணக்கத்துடன் வேண்டுகிறேன்.