வட்டத்தொட்டியும் வைமர் மாலைகளும்

நடுவயதில் ஒரு நிகழ்கலையைக் கற்க வருபவரிடம் செவி முதிர்ந்தும் விரல் முதிராமலும் இருக்கும். நல்ல வாசிப்பு எது என்பதைப் பல ஆண்டுக் கேள்வியால் அறிந்திருப்பதனாலேயே தம் வாசிப்பு அதற்கு எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதையும் அவர் ஓயாமல் அறிந்துகொண்டிருப்பார். குழந்தைக்கு இந்தத் துன்பம் இல்லை. வேலையும் குடும்பமும் உடைய வளர்ந்தவர்களுக்கென மேலைநாடுகளில் கோடைதோறும் நடக்கும் பியானோப் பயிலரங்குகள், செவிக்கும் விரலுக்கும் உள்ள இந்த இடைவெளியைத் தெரிந்துகொண்டே அமைந்தவை. பகலில் தனித்தனி அறைகளில் பயிற்சி, பின்னர் ஒருவர் வாசிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்கும் பொதுவகுப்பு, இரவில் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டல் என்று ஒரு வாரமோ சற்றுக் கூடுதலோ அவை நிகழும். லண்டன் கார்டியன் நாளிதழின் ஆசிரியராக இருந்த ஆலன் ரஸ்பிரிட்ஜர், 2010ஆம் ஆண்டுக் கோடையில் பிரான்சில் நடந்த அத்தகைய முகாமொன்றில், தம்மைப் போலவே பிழைப்புக்கு வேறு தொழில் பார்க்கும் ஒருவர் ஷோப்பனின் ஜி மைனர் பலேடை வாசிக்கக் கேட்டு, அதைத் தாமும் ஓராண்டுக்குள் கற்பதென்று முடிவு செய்தார். அந்த முயற்சியின் கதை 2013இல் நூலாக வந்தது. அவரைத் தூண்டியது உடன்பயின்றவரின் வாசிப்பு என்பது இங்குக் கவனிக்கத் தக்கது.

இவ்வகை வகுப்பின் மூலவராகப் பொதுவாகச் சுட்டப்படுபவர் ஃபிரான்ஸ் லிஸ்ட். 1869 முதல் 1886இல் மறையும் வரை அவர் ஆண்டுதோறும் சில மாதங்கள் ஜெர்மனியின் வைமர் நகரில் தங்கி, வாரத்தில் மூன்று பிற்பகல்களில் மாணவரைத் தம் இல்லத்தில் கூட்டினார். வந்தவர்கள் தத்தம் இசையேடுகளைப் பியானோவின்மேல் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். லிஸ்ட் அவற்றைப் புரட்டி ஒன்றை எடுப்பார். அதற்குரியவர் வந்தமர்ந்து அத்தனை பேர் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும். கட்டணம் கிடையாது. விரற்பயிற்சி வீட்டில் முடித்துவிட்டு வரவேண்டிய வேலை என்பது அவர் கொள்கையாதலால், அதைப் பற்றி அங்கே பேச்செழாது. ஒரு சுரக்கோவையை எங்கே மூச்சுவிட்டு முடிப்பது, எந்த இடத்தில் ஒலியை ஒடுக்குவது என்பனவே பாடமாகும். 1873இல் அங்குச் சென்று சேர்ந்தவரும் அப்போது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தவருமான அமெரிக்கப் பெண் ஏமி ஃபே தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாயின. அந்த அறையின் சூழலை இன்றும் அதில் நேரில் காணலாம்.

பியானோவின் இயல்பே இத்தகைய கேள்விப் பயிற்சியை வேண்டுவது. அதன் 88 கட்டைகளுள் ஒன்றை அழுத்தியதும், கம்பளி போர்த்திய சிறு சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு உடனே விலகிவிடுகிறது. அந்தக் கணம் முதல் ஒலி தேயுமேயன்றி வளராது. நாகசுரக்காரர் மூச்சைக் கூட்டிச் சுரத்தைப் பெருக்கலாம், வயலின்காரர் வில்லால் அதைத் தாங்கலாம்; பியானோக்காரருக்கு அந்த வசதி இல்லை, சுரத்தை அசைத்து வளைக்கும் கமகமும் இல்லை. ஆயினும் தேர்ந்தவர் கையில் அது பாடுகிறது. தேய்ந்துகொண்டிருக்கும் ஒலி எந்த அளவுக்கு இறங்கியிருக்கிறது என்று கேட்டு, அடுத்த சுரத்தை அதே அளவில் தொடங்குவதாலும், கம்பிகளை அடக்கிவைத்திருக்கும் கம்பளித் துண்டுகளை மேலே தூக்கும் வலக்கால் மிதியை உரிய நேரத்தில் அழுத்தி விடுவதாலும் விளையும் மாயம் அது. தனியறையில் பயில்பவர் தம் விரலின் பாட்டையே பெரிதாக எண்ணி இந்தத் தேய்வைக் கேட்கத் தவறிவிடுகிறார். எதிரே பத்துப் பேர் காது கொடுத்து அமர்ந்திருக்கும்போதுதான் அவருக்கும் அது கேட்கத் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் பியானோ பெரும்பாலும் குழந்தைகள் படிநிலைத் தேர்வுக்குப் பயிலும் கருவியாகவே நின்றுவிட்டது. வளர்ந்தவர் கற்ற கதைகளும் உண்டு; 1968இல் சென்னைக்கு வந்த இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை பயின்றது, இருபதைக் கடந்த பிறகுதான்.

ஆனால் நிகழ்த்திக்காட்டியும் சூழ்ந்திருந்து கேட்டும் வளர்ந்தவர்கள் கற்ற பருவகால வகுப்பைத் தேடுபவர், பியானோ இல்லாத தென்காசிச் சீமைக்கே வரவேண்டும். ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் (1882–1954) வழக்கறிஞராகவும் இந்து சமய அறநிலைய ஆணையராகவும் இருந்தவர். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டின் வட்டமான முற்றத்தில் நண்பர்கள் கூடிக் கவிதை கேட்டதால் அக்கூட்டம் வட்டத்தொட்டி எனப் பெயர் பெற்றது. பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் குடியேறியபோது அதுவும் உடன் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மலையிடுக்கின் வழியே செங்கோட்டைப் பக்கம் இறங்கிச் சாரல் தூவும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான ‘சீசன்’, அருவிக்குளியலோடு கம்பனையும் நாடி வருபவர்களின் காலமாயிற்று. ராஜாஜியும் கல்கியும் வந்தனர். அரசு அலுவலரான தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான், நீதித்துறையைச் சேர்ந்த எஸ்.மகராஜன், ஆங்கிலப் பேராசிரியர் அ.சீனிவாசராகவன், அடுத்த தலைமுறையில் கி.ராஜநாராயணன் என வந்தவர் யாவரும் வேறு பிழைப்பு உடையவர்கள், அல்லது தேடிக்கொண்டிருந்தவர்கள்.

அங்கு நடந்தது சொற்பொழிவு இல்லை. டி.கே.சி. ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டு, பொருள்கூற விரையாமல், அதை நிதானமாகப் பாடுவார், மீண்டும் பாடுவார், அடி எழும் இடமும் திரும்பும் இடமும் கேட்பவருக்குப் பிடிபடும் வரை பாடிக்கொண்டேயிருப்பார். உரைநூல்களின் வழியே செய்யுளை அணுகிப் பழகிய படித்தவர்களுக்கு இது புதிதாக இருந்தது. செய்யுளின் பொருள் அதன் உருவத்திலும் ஒலியிலும் கரைந்திருப்பதால், காதால் பற்றாதவருக்கு அகராதி உதவாது என்பதே அந்த வகுப்பின் அடிப்படை. அதனாற்றான் அவர் தம் பதிப்புகளில் புணர்ச்சியைப் பிரித்து, வாய்க்கும் செவிக்கும் இசையும்படி சீர்களை அச்சிட்டார்.

இந்த முறை எத்துணைப் பொருத்தமானது என்பதை அறியத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் அருகே வயல் சூழ்ந்து கிடக்கும் இலஞ்சியின் குமரன்மீது அருணகிரிநாதர் பாடிய திருப்புகழை மௌனமாகப் படித்துப் பார்த்தால் போதும். சந்தம் என்பது குறிலும் நெடிலும், வல்லெழுத்தும் மெல்லெழுத்தும் ஓர் ஒழுங்கில் அடிதோறும் மீண்டு வருவது. கண்ணுக்கு அது சிக்கலாகவும் நாவுக்கு நடையாகவும் இருக்கும். பியானோ உலகில் எட்யூட் எனப்படும் உருப்படி, குறிப்பிட்ட ஒரு விரல்நுட்பத்தைப் பழக்குவதற்காக எழுதப்படுவது. ஷோப்பன் அந்தப் பயிற்சிப் பாடத்தையே அரங்கில் வாசிக்கத்தக்க இசையாக உயர்த்தினார். திருப்புகழும் அவ்வாறே நாவுக்குக் கடும் பயிற்சியாகவும் அப்பயிற்சியிலேயே பாட்டாகவும் நிற்கிறது. சாரல் காலத்தில் பியானோவை இவ்வூர்களுக்குக் கொண்டுவருவது அறிவுடைமை ஆகாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்: ஈரத்தில் ஒலிப்பலகை உப்பிச் சுருதி ஏறும், கட்டைகள் இறுகிச் சிக்கும், கம்பி துருவேறும். செய்யுளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இரு வகுப்புகளுக்கும் குறை ஒன்று பொதுவாக இருந்தது. ரசிகமணியின் அன்பர்கள் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. சுவையைக் கொண்டு கற்பிக்கும் இடத்தில் ஆசிரியரின் சுவையே எல்லையாகிவிடும். வைமரில் ஆசிரியருக்கு உவப்பான வாசிப்பே இலக்கணமாகத் தோன்றியது. குற்றாலத்தில் விளைவு இன்னும் கடுமையானது: தம் செவிக்கு இசையாத செய்யுள்களைக் கம்பன் பாடியிருக்க இயலாது என்று முடிவு கட்டிய டி.கே.சி., அவற்றை இடைச்செருகல் எனப் பெருவாரியாகத் தள்ளியும், சில இடங்களில் பாடத்தைத் திருத்தியும் இராமாயணத்தைப் பதிப்பித்தார். அவர் பாட்டில் மயங்கியவர்களுள்ளும் பலர் இதை ஏற்கவில்லை; ஏடுகளை ஒப்புநோக்கி எழுந்த பின்னைய பதிப்புகள் அவர் தள்ளிய செய்யுள்கள் பலவற்றைக் காப்பியத்திலேயே வைத்திருக்கின்றன. ஆயினும் அவர் தேர்ந்து பாடிய பாடல்களை அப்பதிப்புகளில் காண்பவர்களும், சீர்களை அவர் பிரித்த வகையிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறார்கள்.