பாதாம் பாலில் பாதாம் எவ்வளவு?

பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் ஜில்லுன்னு கிடைக்கும் பாட்டில் பாதாம் பால், அடிப்படையில் சர்க்கரை போட்ட மாட்டுப்பால்தான். ருசி அபாரம், ஆனால் பால் ஒத்துக்காதவங்களுக்கு ஆகாது. சூப்பர்மார்க்கெட் அட்டைப்பெட்டியில் வருவது வேறு சரக்கு: பாதாமைத் தண்ணீரில் அரைத்து வடிகட்டியது. இதைப் 'பால்' என்று பெயர் போட்டு விற்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் கறாராகச் சொன்னது. அதனால்தான் லேபிளில் 'பானம்'.

சர்க்கரை சேர்க்காத பானம் நாக்குக்குத் தண்ணி மாதிரிதான். 200 மி.லி.யில் புரதம் சுமார் 1 கிராம். நாலைந்து பாதாமை மென்றாலே அது கிடைத்துவிடும். அதே அளவு மாட்டுப்பாலில் 6 கிராமுக்கு மேல். கால்சியமும் பெரும்பாலும் தனியாகச் சேர்த்ததுதான்.

பால் ஒத்துக்காத பெரியவங்களுக்கு இது சரி. வளர்ற பிள்ளைக்குப் பாலுக்குப் பதில் இதை மட்டும் கொடுத்தால் புரதத்தில் பெரிசாகத் துண்டு விழும். முன்பக்கப் படத்தை விடுங்க. பின்பக்க அட்டவணையைப் படிங்க.