தரவுத்தளத்தில் தமிழ் எழுத்து: ஒருங்குறி பற்றிய ஒரு மதிப்பீடு

நூற்பட்டியல்களும் அகராதிகளும் தரவுத்தளங்களாக மாறிவரும் நிலையில், தமிழ்க் குறியீட்டு முறை பற்றிய விவாதம் பெரிதும் ஒரு குற்றச்சாட்டையே சுற்றிவருகிறது. 1991-இல் வெளிவந்த ஒருங்குறி, 1988-ஆம் ஆண்டின் இஸ்கி முறையை அடியொற்றித் தமிழுக்கு 128 இடங்களை மட்டுமே வகுத்தது; 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரவில்லை என்பதே அது. இக்கூற்று உண்மையே. எனினும், தேடுவோர்க்குச் சொல் கிடைக்காமற்போவதற்கு இதுவே காரணம் என்னும் முடிவு மறுஆய்வுக்குரியது.

‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்துகள் 3. ஒருங்குறியில் குறியீடுகள் 5. யூடிஎஃப்-8 வடிவில் பைட்டுகள் 15. இம்மூன்றும் வெவ்வேறு அளவைகள். பைட்டுகளை எண்ணிச் சொல்லைத் துண்டிக்கும் நிரலில் எழுத்துச் சிதைவது, முறையின் குறையன்று. அளவைகளை வேறுபடுத்தி அறியாமையின் விளைவு.

ஒருங்குறியின் உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. ‘கொ’ என்பதைக் ககரத்துடன் ஒகரக்குறி சேர்த்தும் எழுதலாம். எகரக்குறியையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் தரவுத்தளத்திற்கு வேறு வேறு. இவை நிகரானவை என ஒருங்குறித் தரமே கூறி, ஒருமுகப்படுத்தும் விதியையும் தந்துள்ளது. சேமிக்கும்போதும் தேடும்போதும் அவ்விதியைக் கையாண்டால் இச்சிக்கல் தீரும். ஆனால் ‘ஔவை’ என்பதை ஒகரமும் ளகரமுமாக ‘ஒளவை’ என உள்ளிட்டால் அவ்விதி உதவாது. ‘ஒளி’ போன்ற சொற்களில் அதே வரிசை முறையானதாதலின், அதனை இயந்திரம் பிழையெனக் கொள்ளாது. மெய்ப்புப் பார்ப்பவர் திருத்தாதவரை, அந்நூல் பட்டியலில் இருந்தும் இல்லாததே.

அகரவரிசையும் இவ்வாறே நோக்கத்தக்கது. குறியீட்டு எண்வரிசையில் ய, ர, ற, ல, ள, ழ, வ என எழுத்துகள் அமைகின்றன. னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின் இடம்பெறுவதால், ‘அக்கா’ முந்தவேண்டிய இடத்தில் ‘அகம்’ முந்துகிறது. எனினும் வரிசைப்படுத்தல் குறியீட்டின் பணியன்று. ஒப்பீட்டு விதிகளின் பணி. தமிழுக்கான அவ்விதிகள் சிஎல்டிஆர் தொகுப்பில் உள்ளன. 2017-இல் வெளிவந்த போஸ்ட்கிரஸ் 10-ஆம் பதிப்பு முதல் அத்தகைய விதிகளைத் தரவுத்தளத்திலேயே தேர்ந்தெடுக்க இயலும்.

2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியுடன் டேஸ்-16 முறையையும் ஏற்றது. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் இம்முறையில் எழுத்துகளை எண்ணுதலும் வரிசைப்படுத்தலும் எளியவை. இஃது அதன் சிறப்பு. ஆயினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைவதால், முன்னுடன்பாடு இல்லாத கணிப்பொறியில் அதன் பொருள் உறுதியன்று. ‘ஒளவை’ போன்ற பிழையை அதுவும் நீக்காது.

எனவே குறியீட்டை மாற்றுவதைக் காட்டிலும், ஒருமுகப்படுத்திய சேமிப்பு, தமிழ் மரபுக்கேற்ற ஒப்பீட்டு விதி, செம்மையான மெய்ப்பு ஆகிய மூன்றுமே இன்றியமையாதவை என்பது பெறப்படும்.